ஏரியல் கட்டாதவன் தலைவன் இல்லை

சித்தூர் ஜில்லா ரேடியோ வியாபாரிகள், மெக்கானிக்குகள் சங்கத்துக்கு நான் தலைவரானேன் என்றால், அதற்கு எனக்கிருந்த ஒரே தகுதி, தேர்தல் நடந்த நேரத்தில் நான் கூட்டத்தில் இல்லை என்பதுதான்.

ஆந்திர ராஜ்யம் புதிதாகப் பிறந்திருந்த 1953. அதுவரை எங்களுக்கெல்லாம் மெட்ராஸ் சங்கம்தான் தாய் வீடு. ராஜ்யம் பிரிந்ததும் அவர்கள் எங்களுக்கு மாலை போட்டு, காபி கொடுத்து, மிகுந்த மரியாதையோடு வெளியே அனுப்பிவைத்தார்கள். ஊருக்கு வந்து மாலையைக் கழற்றிய பிறகுதான் நமக்கு இனி யாரும் இல்லை என்பது உறைத்தது. சித்தூரில் ஒரு சத்திரத்து ஹாலில் கூடி, சொந்தமாகச் சங்கம் ஆரம்பித்தோம்.

தலைவர் பதவிக்கென்றே ஒரு பெரிய மனிதர் அங்கவஸ்திரத்தோடு வந்திருந்தார். ஜவுளி, சர்க்கரை, சிமெண்டு எல்லாம் விற்பவர். அந்த வரிசையில் ரேடியோவும் விற்றார். எழுந்து நின்று, புத்தம்புது ரேடியோ ஒன்றின் குமிழைத் திருகிச் சங்கத்தைத் தொடங்கிவைத்தார். ரேடியோ வாயைத் திறக்கவில்லை.

"ஏரியல் மாட்டினீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது பெட்டிக்குள்ள வரலியே" என்றார் அவர்.

நான் பேசாமல் எழுந்து கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கட்டிவிட்டு இறங்கி வந்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, நான் தலைவராக இருந்தேன். காரியதரிசி தாமோதரன் அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒரு விதியும் எழுதிவிட்டார். அவர் விதி எழுதுவதில் வல்லவர். வீட்டில் பூனைக்குக்கூட விதி வைத்திருந்தார், பூனையும் அதன்படி நடந்தது. சங்கத்துக்கு அவர் எழுதிய விதி இது: ஆண்டுக் கூட்டத்தைத் தலைவர் தம் கையால் ஏரியல் கட்டி, ரேடியோவைப் பேசவைத்துத்தான் தொடங்க வேண்டும். பேசவைக்கத் தவறினால், எந்த ஊரில் கூட்டமோ அந்த ஊர் உறுப்பினர்களில் மூத்தவர் அந்த நிமிஷமே தலைவர். அவரும் அதேபோல ஏரியல் கட்டித்தான் கூட்டத்தைத் தொடங்க வேண்டும்.

வக்கீல்கள் சங்கத்தில் இப்படி ஒரு விதி கிடையாது. இருந்தால் பல ஊர்களில் அந்தச் சங்கமே இருக்காது.

அன்றிலிருந்து வருஷம் ஓர் ஊரில் நான் ஏரியல் கட்டினேன். மதனப்பள்ளியில் கட்டிய ஏரியல் கொஞ்சம் உயரமாகிவிட்டது. கொக்குக் கூட்டம் ஒன்று அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நகரியில் நெசவாளர்கள் பாவு நீட்டுகிற கம்பங்களில் கட்டினேன். அன்று நெய்த சேலைகளில் மடிப்பைப் பிரிக்கும்போதெல்லாம் மெல்லிசாகப் பாட்டு வந்ததாகச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அதனால் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இப்படியே போயிருந்தால் நானும் ஏணியும் சேர்ந்து நிம்மதியாக முதுமை அடைந்திருப்போம். ஆனால் 1960 வந்தது. எல்லைத் தகராறு தீர்ந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகும், சத்தியவேடு எங்கள் பக்கம் வரும் என்று முடிவாயிற்று. மார்ச் மாதம் ஒரு மத்தியானம், என் கடை வாசலில் ஒரு முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்து நின்றாள்.

"ரேடியோ சங்கத்துத் தலைவரு நீதானா?"

"ஆமாம்மா. உட்காருங்க."

"உக்காரத்துக்கு வரல. நான் சத்தியவேடு வெங்கடலட்சுமி. ரேடியோ கடை வெச்சிகினு கீறேன். எங்க வூட்டுக்காரரு கப்பல்ல ஒயர்லெஸ் ஆபரேட்டரு. வருசத்துக்கு ஒரு தபா வந்து சண்ட போட்டுட்டுப் பூடுவாரு. கடை என்னுதுதான், ரிப்பேரு என்னுதுதான்."

அவள் டின்னைத் திறந்தாள். உள்ளே இலவம்பஞ்சு. பஞ்சுக்கு நடுவே, கோழி முட்டையை வைப்பதுபோல, ரேடியோவுக்கு உயிர் கொடுக்கிற கண்ணாடிக் குழல், ஒரே ஒரு அவுட்புட் வால்வு.

அந்த வருஷங்களில் வால்வு என்பது தங்கத்துக்கு அடுத்தபடி. தங்கம் இல்லாவிட்டாலும் கல்யாணம் நடக்கும். வால்வு இல்லாவிட்டால் ரேடியோ வெறும் மரப்பெட்டி. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் வரத்து சுருங்கிப்போயிருந்தது. கம்பெனிக்காரர்கள் கடைகளுக்கு நேராகக் கொடுக்காமல், ஜில்லா சங்கத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கி அனுப்புவார்கள். சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். சங்கத்தில் இல்லாதவனுக்கு வால்வு இல்லை.

"செங்கல்பட்டு சங்கத்துல கேட்டேன். நீங்க ஆந்திராவுக்குப் போறீங்க, உங்களுக்கு இனிமே எதுக்கு நாங்க தரணும்ன்றான். போன மாசமே நிறுத்திட்டான். சத்தியவேடு சுத்துப்பட்டுல எல்லாப் பொட்டியும் படுத்துக்கிச்சி தலைவரே. நல்ல வால்வு இது ஒண்ணுதான்."

"ஒண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்றீங்க?"

"ஊரச் சுத்துது. திங்கக்கெழமை பஞ்சாயத்துப் பொட்டில போடுவேன். செவ்வாக்கெழமை டீக்கடைக்கு. புதன்கெழமை மணியக்காரரு வூடு. அப்பிடியே போய்கினு, ஞாயித்துக்கெழமை எங்கூட்டுக்கு வந்துரும். வெள்ளிக்கெழமை நாடகம் கேக்கறவன் சனிக்கெழமை நியூசு கேக்க முடியாது. மாமியா வூட்டு முறை வேற கெழமைல வருதுன்னு ஒருத்தன் பொண்டாட்டியக் கூப்புட்டுகினு அங்கயே போயி குந்திக்கினான்."

நான் அந்த வால்வைப் பார்த்தேன். ஒரு பஞ்சாயத்தே அதற்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"திருத்தணிக்காரங்க போறாங்கல்ல. அவுங்க பங்கு உங்கிட்டதானே நிக்கும்? அத்த எங்களுக்குக் குடு. எங்களச் சங்கத்துல சேத்துக்க. நாங்களா கேட்டு வந்தோம் ஆந்திராவுக்கு? கோடுதான் நவுந்து வந்துச்சி. நாங்க அதே எடத்துலதான் குந்திகினு கீறோம்."

உள்ளேயிருந்து என் மனைவி சந்திரம்மா ஒரு சொம்பு மோரோடு வந்தாள். அவள் அதுவரை எந்தச் சங்க விவகாரத்திலும் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் மூடவைக்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஒரே வால்வை வச்சிக்கினு ஒரு ஊரையே பேச வைக்கிறா. நீ ஏழு வருசமா ஏணி ஏறிக்கினு கீற, அவ்ளோதான்" என்றாள் என்னிடம்.

எனக்கு அப்போது முடிவாகிவிட்டது. சத்தியவேட்டைச் சங்கத்தில் சேர்த்து, திருத்தணிப் பங்கை அங்கே அனுப்பாமல் நான் இந்தப் பதவியை விட்டு இறங்குவதில்லை. "கூட்டம் திருப்பதியிலேம்மா. மாசக் கடைசிக்குள்ள நடந்தாகணும், அதுக்கு மேலே போனா திருத்தணிப் பங்கு கம்பெனிக்கே திரும்பிடும். வாங்க. வரும்போது உங்க பேட்டரி செட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க. உறுப்பினருங்க கண்ணால பார்க்கட்டும்" என்றேன். சத்தியவேட்டில் அப்போது கரண்டு கிடையாது. அங்கே எல்லாம் பேட்டரிக் கட்டையில் பாடுகிற செட்டுகள்தான்.

"வால்வையும் எடுத்தாரணுமே. அன்னிக்கி ஊரே ஊமையாக் கெடக்கும்."

"ஒரு நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க."

"சொல்லிப் பாக்கறேன். அன்னிக்கி யாரு முறையோ அவன் எம்மேல மண்ணை வாரித் தூத்துவான்."

திருப்பதியில் மூத்த உறுப்பினர் நாகபூஷணம். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருக்க அவருக்கு நேரமில்லை. மூன்று மாடி ரேடியோ கடை. சத்திரங்களுக்கெல்லாம் அவர்தான் செட் வைப்பவர். தெலுங்கையும் தமிழையும் ஒரே வாக்கியத்தில் பிசைந்து பேசுவார். நான் சத்தியவேட்டுப் பேச்சை எடுத்ததும் போனிலேயே சிரித்தார்.

"கோவர்த்தனம் காரு, திருப்பதிக்கு தேசம் மொத்தம் வருது. சத்திரத்துக்கு ஒரு செட்டு. வால்வு போனா யாத்ரிகன் என்னை அடிக்கிறான். திருத்தணிப் பங்கு திருப்பதிக்கு. சத்தியவேடுவாளு எவரு? நேத்து வரைக்கும் செங்கல்பட்டு. அவங்களுக்கு நாம ஏன் இவ்வாலி, ஏன் குடுக்கணும்?"

"கூட்டத்தில பேசிக்கலாம்."

"பேசிக்கலாம். முந்து நீங்க ரேடியோவைப் பேச வையுங்க" என்றார் அவர்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

திருப்பதியில் கூட்டத்துக்கு அவர் பிடித்திருந்த இடத்தைப் பார்த்ததும் கவனித்துவிட்டேன். ஒரு காலத்தில் வேர்க்கடலை மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகை. பனங்கை உத்திரத்தின் மேல் முழுக்க முழுக்கத் தகரம். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் ஃபாக்டரி. அதன் மோட்டார் பழசு. சுற்றும்போது நீலமாகப் பொறி தெறிக்கும். அப்படி ஒரு மோட்டார் பக்கத்தில் இருந்தால் ரேடியோவில் எந்த நிலையத்தைத் திருப்பினாலும் ஆயிரம் அப்பளம் ஒரே நேரத்தில் பொரிகிற சத்தம்தான் வரும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் இது தெரியும். நாகபூஷணத்துக்கு நன்றாகவே தெரியும்.

கொட்டகையை அவர் கல்யாண வீடு மாதிரி அலங்கரித்திருந்தார். வரிசையாகச் சீரியல் பல்பு, ஆறு மின்விசிறி, மேடையில் மைக் செட், வெளியே வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கர். நடு மேஜையில் அவர் கடையின் பெரிய கரண்டு ரேடியோ, தேர் மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. உறுப்பினர்கள் எல்லாரும் உள்ளே. உறுப்பினர் இல்லாததால் வெங்கடலட்சுமி வெளியே வேப்பமரத்தடியில், பக்கத்தில் பேட்டரி செட்டும் மடியில் முறுக்கு டின்னுமாக உட்கார்ந்திருந்தாள்.

"தொடங்குங்க அத்யக்ஷா" என்றார் நாகபூஷணம், கையைக் கட்டிக்கொண்டு.

நான் ஏணியைச் சாத்தி மேலே ஏறினேன்.

மார்ச் மாதத்துத் திருப்பதி மத்தியானம். தகரம் எப்படிக் கொதித்தது என்றால், ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி, உடனே இன்னொரு காலையும் தூக்கிக்கொண்டது. அப்புறம் இரண்டு காலும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பறந்துபோனது. நான் செருப்பைக் கீழே விட்டிருந்தேன்; தலைவர் செருப்புக் காலோடு ஏரியல் கட்டக் கூடாது என்று தாமோதரன் இன்னொரு விதி எழுதியிருந்தார். இரண்டு மூங்கிலை நட்டுக் கம்பியை இழுத்துக் கட்டி, அதன் வாலைச் சாளரம் வழியாக உள்ளே விட்டேன்.

"போடுங்க" என்றேன்.

பெரிய ரேடியோ வாயைத் திறந்தது. அப்பளம் பொரிந்தது.

ஏரியலைக் கிழக்கே திருப்பினேன். அப்பளம். வடக்கே திருப்பினேன். பெரிய அப்பளம். உள்ளே சிரிப்புக் கேட்டது. கம்பி போதவில்லை, இன்னும் பெரிய ஏரியல் வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். கம்பி எங்கேயும் இல்லை. என் பாதம் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. எரிகிற பாதத்தைத் தூக்கித் தேய்த்தபோதுதான், நான் நிற்பதே ஒரு முழு ஏரியல் என்று தோன்றியது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஆணி அடித்துப் பிணைத்த தகரம். கீழே உத்திரம் முழுக்கப் பனை மரம், ஒரு இரும்பு கிடையாது, பிடித்த அலை மண்ணில் இறங்கிப்போகாது. இவ்வளவு பெரிய ஏரியலை ஆகாசவாணிக்காரர்களே பார்த்திருக்க மாட்டார்கள். கம்பியின் நுனியைத் தகரத்தின் மடிப்பில் வைத்து இறுக்கினேன்.

அப்பளச் சத்தத்துக்கு அடியில், எங்கோ ஒரு மனிதர் பேசுவது கேட்டது. என்ன பேசினார் என்பது அவருக்கே கேட்டிருக்காது.

"சாலு, கோவர்த்தனம் காரு!" என்று உள்ளேயிருந்து நாகபூஷணம் கூப்பிட்டார். "கிந்த ரண்டி! கீழ வாங்க! கால் வெந்து போகும்!"

"பேசுற வரைக்கும் இறங்க மாட்டேன்!"

"ஐஸ் ஃபாக்டரி நிக்காது. ராத்திரி வரைக்கும் ஓடும்!"

"அப்ப ராத்திரி வரைக்கும் நிக்கிறேன்!"

வேப்பமரத்தடியிலிருந்து வெங்கடலட்சுமி கத்தினாள்: "எறங்காத தலைவரே! எறங்குனா எங்கூரு ஊமையாப் பூடும்! ஒரு கால மாத்தி ஒரு கால வெச்சிக்கினு நில்லு!"

அந்தத் தொழில்நுட்ப ஆலோசனையை ஏற்றுக்கொண்டு, கால் மாற்றிக் கால் வைத்து நின்றேன்.

என் குரலுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாகபூஷணத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் மேடைக்குப் போய் மைக் செட்டைப் போட்டார். கூம்பு ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்கும்படி, "சித்தூர் ஜில்லா சங்கத்து அத்யக்ஷருடு உடனே..." என்பது வரைக்கும் சொன்னார். ஏற்கனவே சீரியல் பல்பு, ஏற்கனவே ஆறு விசிறி, ஏற்கனவே பெரிய ரேடியோ. மைக் செட்டும் சேர்ந்ததும் கொட்டகையின் ஃப்யூஸ், டப்பென்று போய்விட்டது.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நாகபூஷணம் ஒரு புது ஃப்யூஸ் கம்பி போட்டு, விளக்கை ஏற்றி, என்னைப் பதவியிலிருந்து இறக்கியிருப்பார். ஆனால் அந்தக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் ஒரு ஜில்லாவின் மொத்த மெக்கானிக்குகளும். எதிரே ஒரு ஃப்யூஸ் பெட்டி செத்துக் கிடக்கிறது. ஒவ்வொருவனும் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை உருவினான். மொத்தக் கூட்டமும் பெட்டியை நோக்கிப் பாய்ந்தது.

"நகரு, நான் பாக்குறேன்."

"உனக்கு என்ன தெரியும்? நீ ஸ்பீக்கருக்குக் காகிதம் ஒட்டுறவன்."

"ஏய், கையை எடு, அது நியூட்ரல்!"

"நியூட்ரலா? உங்க நைனா சொன்னாரா?"

ஃப்யூஸ் பெட்டி உயரத்தில் இருந்தது. எவனோ ஒருவன் வெளியே ஓடிவந்து, நான் ஏறி வந்த ஏணியை எடுத்துக்கொண்டு போனான். என்னைக் கேட்கவில்லை. தொழில் மும்முரத்தில் இருந்தான்.

புத்தூர் ரங்கையா என்று ஒருவர் இருந்தார். கனமான கம்பிக்குப் பெயர்போனவர். யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும், இனிமேல் போகவே கூடாது என்று வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற அளவில் செம்புக் கம்பி போட்டு முறுக்கிவிட்டு வருவார். அவர் போட்ட ஃப்யூஸ் அதற்கப்புறம் போனதே இல்லை, வீடு போயிருக்கிறது. அந்தக் களேபரத்தில் ரங்கையாதான் ஏணியின் மேல் படிக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் முறுக்கிய கம்பியோடு, மற்றவர்களும் ஆளுக்கொரு யோசனையாக ஆளுக்கொரு கம்பியைச் சேர்த்தார்கள். கொட்டகைக்குள் ஃப்யூஸ் போகவில்லை.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் போனது.

டமாரென்று ஒரு சத்தம். தெருவில் இருந்த கடைகள், இரண்டு சத்திரங்கள், ஒரு மாவு மில், எல்லாம் நின்றன. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம், ஐஸ் ஃபாக்டரி மோட்டார் பெருமூச்சு விட்டு, மெல்லச் சுற்றி, மெல்லச் சுற்றி, நின்றுபோனது.

அந்த மாதிரி ஓர் அமைதியை நான் திருப்பதியில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கொட்டகைக்குள் பெரிய கரண்டு ரேடியோ செத்துப்போய் உட்கார்ந்திருந்தது. நான் ஏரியல் வாலைச் சாளரத்திலிருந்து சரசரவென்று மேலே இழுத்து, கூரையின் மறுபக்கத்தில் வேப்பமரத்தடிக்கு வீசினேன்.

"வெங்கடலட்சுமி! வால்வைப் போடு!"

அவள் அதற்கு முன்பே டின்னைத் திறந்திருந்தாள். வால்வைப் பஞ்சிலிருந்து எடுத்துச் செருகி, கம்பியை மாட்டி, குமிழைத் திருகினாள்.

மெட்ராஸும் விஜயவாடாவும் ஒரே நேரத்தில் பாய்ந்து வந்தன. ஏரியல் அவ்வளவு பெரியது. குமிழுக்கு இரண்டையும் பிரிக்கத் தெம்பில்லை. ஓர் அம்மாள் தமிழில் கீர்த்தனை பாட, அதற்கு நடுவே ஒருவர் தெலுங்கில் நிலக்கடலைக்கு எப்போது தண்ணீர் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாளம் தப்பவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

உறுப்பினர்கள் ஸ்க்ரூட்ரைவர்களோடு வெளியே ஓடி வந்தார்கள். தெருவில் கடை இருண்டுபோனவர்களும் வந்தார்கள். மாவு மில்லிலிருந்து வெள்ளையாக நாலு பேர் வந்தார்கள். தாமோதரன் வந்து நின்று கேட்டுவிட்டு, "ரேடியோ பேசிடுச்சு. கூட்டம் தொடங்கியது" என்று அறிவித்தார்.

"ஒப்புக்க மாட்டேன்!" என்றார் நாகபூஷணம். அவர் முகம் முழுக்க டிரான்ஸ்பார்மர் கவலை. "இது மெம்பர் இல்லாத மனிஷியோட பெட்டி. செல்லாது!"

"செல்லாதா?" என்றாள் வெங்கடலட்சுமி. "அப்ப சரி. செல்லாதவ வால்வு உங்களுக்கு எதுக்கு?"

கையை உள்ளே விட்டு வால்வைப் பிடுங்கிவிட்டாள். கீர்த்தனை அனுபல்லவியில் நின்றது. நிலக்கடலை தண்ணீர் கட்டாமல் நின்றது. மொத்தத் தெருவும் 'ஐயோ' என்றது. கூட்டத்தில் யார் மிகச் சத்தமாகச் சொன்னார்கள் என்று மேலேயிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாகபூஷணம்தான். நிலக்கடலை அவருடைய நிலத்திலும் இருந்தது.

"பெட்டும்மா, பெட்டு! திரும்ப வை!"

"வெக்க மாட்டேன். இது ஒண்ணுதான் நல்ல வால்வு எங்கூருக்கு. இத்த நான் இங்க எடுத்தாந்ததால இன்னிக்கி சத்தியவேட்டுல ஒரு பொட்டியும் பேசல. உங்க தெருவுல இப்ப எப்பிடி கீதோ அப்பிடித்தான் மாசக்கணக்கா எங்கூரு கீது. நல்லா கீதா?"

தெருக்காரர்கள் இருண்டு கிடந்த தங்கள் கடைகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தாமோதரன் தொண்டையைச் செருமினார். "பெட்டி செல்லாதுன்னா தலைவர் தவறிட்டதா அர்த்தம். விதிப்படி இந்த நிமிஷம் நாகபூஷணம் காருதான் தலைவர்."

நாகபூஷணம் நிமிர்ந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"விதிப்படி அவரும் தம் கையால ஏரியல் கட்டி ரேடியோவைப் பேச வச்சுத்தான் கூட்டத்தைத் தொடங்கணும்" என்று தாமோதரன் முடித்தார். "மேலே ஏறுங்க. செருப்பைக் கழற்றிட்டு."

நாகபூஷணம் கூரையைப் பார்த்தார். மேலே நான் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தேன். தம்முடைய பட்டுக்கரை வேட்டியைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். உள்ளே செத்துக் கிடந்த தம் தேரைப் பார்த்தார். கரண்டு எப்போது வரும் என்று தெருமுனைப் புகையைப் பார்த்தார். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. கூட்டம் நடக்காவிட்டால் திருத்தணிப் பங்கு அவருக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. கடைசியாக முறுக்கு டின்னைப் பார்த்தார்.

"கோவர்த்தனம் காரு" என்று மேலே கூப்பிட்டார். "மீரே அத்யக்ஷருடு. நீங்களே இருங்க."

"பெட்டி?"

"செல்லும்."

"பெட்டிக்காரி?"

அவர் ஒரு மூச்சு விட்டார். வியாபாரி அல்லவா, தோற்கிற சரக்கை நல்ல விலைக்குத் தள்ளத் தெரியும். "நானே ப்ரொபோஸ் பண்றேன். சத்தியவேட்டு ரேடியோவாளு மொத்தம் நம்ம சங்கத்து மெம்பரு. திருத்தணிப் பங்கு வால்வு அங்கே போகட்டும். ஆனா முதல் பார்சல்ல ஒரு வால்வு திருப்பதிக்கு. யாத்ரிகன் அடிக்கிறான், நிஜம்."

"ஒண்ணுதானே? குடுக்கலாம்" என்றாள் வெங்கடலட்சுமி. "ஒண்ணை வெச்சிக்கினு எப்பிடி ஓட்டறதுன்னு நான் சொல்லித் தர்றேன். திங்கக்கெழமை ஒரு சத்திரம், செவ்வாக்கெழமை ஒரு சத்திரம்..."

வால்வு திரும்பப் பெட்டிக்குள் போனது. கீர்த்தனையும் நிலக்கடலையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை; அதற்குள் இரண்டும் முடிந்து, இரண்டு பேரும் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியிலேயே தீர்மானம் எழுதப்பட்டது. திருத்தணிக்காரர்கள் கடைசி முறையாகக் கை தூக்கினார்கள், சத்தியவேடு முதல் முறையாகக் கை தூக்கியது. அப்போது வெங்கடலட்சுமி இரண்டு கையையும் தூக்கினாள். தாமோதரன் ஒன்றைத்தான் எண்ணினார்.

"தலைவரை இறக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள். ஏணி உள்ளே ரங்கையாவின் காலுக்கடியில் இருந்தது. இறங்க மாட்டேன் என்று சொன்னவன் நான். இறங்க முடியாமல் நின்றவனும் நான். தீர்மானத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதப்படும். அதனால், "கூட்டம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சங்கத்தின் மொத்த நடவடிக்கையையும் கூரையிலிருந்தே நடத்தினேன். தலைமையுரையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டேன். அதற்குக் காரணம் அடக்கம் இல்லை, பாதம்.

கடைசி விஷயம், அடுத்த ஆண்டுக் கூட்டம் எந்த ஊரில் என்பது.

"சத்தியவேட்டுல" என்றார் நாகபூஷணம் உடனே. அவர் கண்ணில் பழைய குறும்பு திரும்ப வந்திருந்தது. "அங்க கரண்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. அத்யக்ஷருக்கு சுகம்."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் குனிந்து வெங்கடலட்சுமியிடம் கேட்டேன்: "உங்க ஊர்ல கூட்டம் போடுற மாதிரி பெரிய கட்டடம் ஏதாவது இருக்காம்மா? மாடி வீடு?"

"மாடியா? எல்லாம் ஓலை வூடு தலைவரே. ஏறுனா உள்ள பூந்துருவ." அவள் வால்வைப் பஞ்சில் பத்திரமாக வைத்து டின்னை மூடினாள். "கவலப்படாத. பனமரம் கீது."

விதி விதிதான். எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.